குளக்கட்டு உள்ளிருந்து உடைவது எப்படி?

முல்லைத்தீவு முத்தையன்கட்டுப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர்ச் சிறுகுளம் நிறைந்தால் கட்டின் அடியில், வயல் பக்கம், தண்ணீர் கசிகிறது. வான் (மிகைநீர் வெளியேறும் வழி) ஒழுங்காகத்தான் பாய்கிறது. கட்டுக்கு மேலால் தண்ணீர் போனால்தானே குளம் உடையும்? இந்தக் கசிவுக்குப் பயப்பட வேண்டுமா?"

மேலால் பாய்ந்து உடைவது வன்னியில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மார்கழி மழையில் வரத்து கூடி, வான் தாங்காமல், தண்ணீர் மண்கட்டைத் தாண்டினால் பின்சரிவை அரித்துக்கொண்டு போய்விடும். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறப்பது அதைத் தடுக்கத்தான். 2018 டிசம்பர் வெள்ளத்திலும் திறந்தார்கள். கீழே இருந்த சனம் பட்ட பாடு பெரியது, ஆனால் கட்டு நின்றது. வாசகர் சொல்லும் கசிவு வேறு வழி. அந்த வழியில் உடைய மழையே தேவையில்லை.

திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் உடைந்தது 1986 ஏப்ரல் 20ஆம் திகதி, அதிகாலை 3 மணியளவில். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மாதங்கள் கழிந்திருந்தன. புயலுமில்லை, தண்ணீர் கட்டுக்கு மேலால் போகவுமில்லை. நித்திரையில் கிடந்த ஊர்களுக்குள் குளம் புகுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

மண்கட்டு எதுவும் முழுதாகத் தண்ணீரை மறிப்பதில்லை. மண்துகள்களுக்கு இடையில் வெளி உண்டு. குளப்பக்கம் மட்டம் உயர்ந்தால் தண்ணீர் அந்த வெளிகளினூடே மெதுவாக நடந்து மறுபக்கம் வரும். அது தெளிந்த நீராக வரும்வரை பெரிய கவலையில்லை. அது தன்னோடு மண்ணையும் கொண்டுவரத் தொடங்குகிற கட்டத்தில்தான் எல்லாம் மாறுகிறது.

தண்ணீருக்குள் கிடக்கும் மணலின் பாரத்தில் ஏறத்தாழ பாதியைத் தண்ணீரே சுமக்கிறது. மிஞ்சும் பாரம் கிட்டத்தட்ட அதே கனவளவு தண்ணீரின் நிறை. ஆகவே ஒரு மீட்டர் தடிப்பான மணலுக்குள்ளால் தண்ணீர் மேல்நோக்கி வரும்போது, அதைத் தள்ளுகிற நீர்மட்ட வித்தியாசமும் சுமார் ஒரு மீட்டர் ஆகிவிட்டால் மணலுக்குப் பாரமே இல்லாமல் போகிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவதை விட்டு மிதக்கின்றன. கட்டின் அடிவாரத்தில் மணல் கொதிப்பதுபோல் குமிழியிடும். சுற்றிவர வளையமாகச் சின்ன மேடு சேரும். அந்த மேட்டில் இருக்கிற மண் முழுவதும் கட்டுக்குள்ளிருந்து வந்தது.

இனித்தான் எனக்கு எப்போதும் வியப்புத் தரும் பகுதி. துகள்கள் வெளியேறிய இடத்தில் சிறு பொந்து விழுகிறது. பொந்துக்குள் தண்ணீருக்குத் தடையில்லை. எனவே குளத்திலிருந்து பொந்தின் உள்முனைவரை உள்ள மண்ணைத் தாண்டினால் போதும். முன்பு இருபது மீட்டர் மண்ணுக்குள் பரவிய அமுக்க வீழ்ச்சி இப்போது பதினெட்டு மீட்டருக்குள், பிறகு பதினைந்து மீட்டருக்குள். பாதை குறுகக் குறுக ஒவ்வொரு துகளையும் தள்ளும் விசை கூடும். சுற்றியுள்ள மண்ணில் ஊறும் நீரும் இலகுவான வழியென்று அந்த முனைக்கே திரும்பும். தண்ணீர் முன்னுக்குப் போகிறது, பொந்து பின்னுக்கு, குளத்தை நோக்கி வளர்கிறது. மேலே களிமண் ஒட்டிப் பிடித்துக் கூரைபோல நிற்பதால் கட்டின் மேல் சைக்கிளில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பொந்து குளத்தைத் தொட்டதும் அது குழாய். அப்புறம் மணித்தியாலக் கணக்குத்தான்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 93 மீட்டர் உயர டீட்டன் அணையை முதன்முதலாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் நீர் கசிவதைக் கண்டார்கள். ஓட்டையை அடைக்கப் போன புல்டோசர்களையே ஓட்டை விழுங்கியது. நண்பகலுக்குச் சற்று முன் உச்சி சரிந்தது. 11 பேர் இறந்தார்கள்.

எங்கள் குளங்களில் இதற்கு வாய்ப்பான இடங்கள் தெரிந்தவைதான். முதலாவது துருசு, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு. கொங்கிறீட்டை ஒட்டிய மண்ணை இறுக்குவது கடினம், இரண்டும் ஒரேயளவு தாழ்வதுமில்லை. இடையில் வெடிப்பு விழும். ஆவணி வெயிலில் காய்ந்து பிளந்த களிமண் கார்த்திகையில் சட்டென்று நிறையும் தண்ணீரைச் சந்திக்கும். உக்கிப்போன மரவேர்களும் கறையான் புற்றுகளும் ஆயத்தமான பொந்துகள். கட்டில் ஐயனாருக்குப் பொங்குவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பொங்க வரும் சனம் கட்டையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தால் நல்லது. ஆனால் நாகம் குடியிருக்கிறது என்று கட்டின் மேல் புற்றை வளர விடுவதையும், கசிவைக் கண்டு "குளம் பலி கேட்குது" என்பதையும் என்னால் ஏற்க முடியாது. குளம் கேட்பது பராமரிப்பு.

கசிகிற இடத்தில் களிமண்ணைக் கொட்டி மூடத்தான் முதலில் மனம் வரும். வெளிப்பக்கத்தை அப்படி அடைத்தால் அமுக்கம் உள்ளே கூடி வேறிடத்தில் பீறிடும். கார்ல் டெர்சாகி என்ற பொறியியலாளர் காட்டிய வழி வேறு: நீரை விடு, மண்ணைப் பிடி. தேங்காய்ப்பால் வடிப்பதுபோல. கசியும் இடத்தின் மேல் வடிகட்டியாக மணல் பரப்ப வேண்டும், அதுதான் வடிமணல். வடிமணலின் இடைவெளி மிக நுண்ணிய துகளையும் மறிக்க வேண்டியதில்லை. கட்டு மண்ணின் பெரிய துகள்களைப் பிடித்தால் போதும், அவை அடுத்த அளவைப் பிடிக்கும், அவை அதற்கடுத்ததை. இதற்காக வடிமணலில் நுண்ணிய பகுதியின் பருமன், கட்டு மண்ணின் பெரிய துகளைப்போல நான்கைந்து மடங்கைத் தாண்டக்கூடாது என்பது அவர் விதி. அதன் மேல் சரளை, அதற்கும் மேல் கல். குமிழியிடும் இடமென்றால் சுற்றிவர மண்மூட்டைகளை வளையமாக அடுக்கி உள்ளே தண்ணீரை உயர விட வேண்டும். மட்ட வித்தியாசம் குறைந்து மண் வருவது நிற்கும்.

சரி, வாசகருக்கு என் பதில்: ஒரு கண்ணாடிப் போத்தலில் கசிவு நீரைப் பிடித்து ஆற விடுங்கள். அடியில் மண் படிந்தால் அன்றைக்கே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல சேவை நிலையத்துக்கோ சொல்லுங்கள், துருசால் மட்டத்தை இறக்கக் கேளுங்கள். தெளிவாக இருந்தாலும் அளவைக் குறித்து வையுங்கள்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கசிவு ஓடும் கானுக்குக் குறுக்கே ஒரு பலகை. அதில் செங்கோண மூலை கீழே இருக்கும்படி முக்கோணமாக ஒரு வெட்டு. வெட்டுக்குள் நீர் 5 செ.மீ உயரமென்றால் செக்கனுக்கு முக்கால் லீற்றர் அளவில் போகிறது, 10 செ.மீ என்றால் நாலரை லீற்றருக்குக் கிட்ட. பெரிய நீர்த்தேக்கங்களுக்கு அளவுமானிகள் வாங்கப் பணம் வருகிறது. சிறுகுளங்களுக்கு இந்தப் பலகைகூட இல்லை. ஒவ்வொரு கமக்கார அமைப்புக்கும் ஒரு பலகையும், அதைப் பதிய ஒரு கொப்பியும், பதிவதற்கு ஒரு பொடியனுக்குச் சின்னக் கொடுப்பனவும் ஒதுக்க வேண்டும். குளத்து மட்டம் அதேயாக இருக்கக் கசிவு மட்டும் கிழமைக்குக் கிழமை கூடினால், உள்ளே பொந்து வளர்கிறது என்று அந்தக் கொப்பியே காட்டிவிடும்.