அப்புச்சி படத்தில் பூத்த வெள்ளி

எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், கல்யாணப் படம் மாட்டியிருக்கும். உருமாலை கட்டி, கறுப்புக் கோட்டு போட்டு, படம் எடுப்பவரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சற்றுச் சாய்வாக நின்று பார்த்தால் அந்தக் கோட்டின் மேல் நீலம் கலந்த ஒரு மினுமினுப்பு தெரியும். கண்ணாடியில் எண்ணெய்க் கை பட்டுவிட்டது என்று நினைத்துப் பலமுறை துடைத்திருக்கிறேன். போகவில்லை. கண்ணாடியில் இருந்தால்தானே போகும்? அது படத்துக்கு உள்ளேயிருந்து மேலே வந்த வெள்ளி.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது மையோ சாயமோ அல்ல, வெள்ளி. கொலுசு செய்கிற அதே உலோகம். ஆனால் படத்தாளில் அது சிக்குப் பிடித்த நூல்போல, கண்ணுக்குத் தெரியாத இழைகளாகச் சுருண்டு கிடக்கிறது. உள்ளே போன வெளிச்சம் அந்தச் சிக்கலுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. இந்த இழைகளைத் தாளோடு பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பொருள் அது. பூஜையறையில் மாட்டியிருக்கும் முன்னோர் படங்களிலும் இதுதான் இருக்கிறது என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை.

வெள்ளி ஏன் இடம் மாறுகிறது? காற்றிலுள்ள ஆக்சிஜனேற்றும் வாயுக்கள் படத்தைத் தொடும்போது, வெள்ளி அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. ஜெலட்டினில் ஈரம் இருந்தால் அந்த அயனிகள் அதற்குள் நகரும். நகர்ந்து மேற்பரப்புக்கு வந்தவை மறுபடியும் உலோகமாகவோ வெள்ளி சல்ஃபைடாகவோ படிந்துவிடுகின்றன. அந்த மெல்லிய படலம்தான் கண்ணாடிபோல மின்னுகிறது. வெள்ளி அதிகம் இருக்கும் இடத்தில்தான் இது அதிகம் நடக்கும். அதனால்தான் அப்புச்சியின் கோட்டு மின்னுகிறது, வேட்டி மின்னவில்லை.

அந்த வாயுக்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால், நாமே கொண்டுவந்தவைதான் பல. நோம்பிக்குச் சுவரில் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்து, அது காய்வதற்குள் படத்தைத் திரும்ப மாட்டினால், பெயிண்டிலிருந்து கிளம்பும் பெராக்சைடுகள் நேராகப் படத்துக்குப் போகும். சட்டத்தின் முதுகில் அடித்த பலகையும் மட்டமான அட்டையும் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும்.

பழுப்பேறிய படங்களின் கதை வேறு. படம் கழுவும்போது கடைசியாக, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ என்ற கரைசலில் போடுவார்கள். அதில் கந்தகம் உண்டு. அது முழுவதும் போக, அந்தக் காலத்துக் கெட்டித் தாளை ஒரு மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். சித்திரை மாதம், கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும்போது ஸ்டுடியோக்காரர் எவ்வளவு நேரம் அலசியிருப்பார்? மிச்சம் தங்கிய ஹைப்போ பல வருடம் கழித்து வெள்ளியைச் சல்ஃபைடாக்கிப் பழுப்பேற்றிவிடுகிறது. பழைய படத்துக்கே உரிய அழகு என்று நாம் ரசிக்கிற நிறத்தில் பாதி, அரைகுறையாக அலசியதன் பலன்.

ஈரத்துக்கு வருவோம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, கோவைப் பக்கம் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. ஜெலட்டின் அதைக் குடித்து ஊதி, பசையாகி, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கோடையில் காய்ந்து சுருங்கும்போது தாளை இழுக்கும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்கு விருந்து. அருங்காட்சியகங்களில் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வைத்து இடைவெளி விடுவது இதற்காகத்தான். ஏற்கெனவே ஒட்டிவிட்ட படத்தைப் பிரிக்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே நல்ல கேமராவில் படம் எடுத்துக்கொள்வது உத்தமம்.

வெளிச்சத்தின் கணக்கு எளிது. படங்களுக்கும் துணிகளுக்கும் அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவிலான மங்கலான வெளிச்சமே போதும் என்று வைத்திருக்கின்றன. நம் ஊர் உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் அந்த மங்கல் வெளிச்சத்தில் வைத்தால், 250 நாளில் சேரும் வெளிச்சம் ஒரே ஒரு மணி நேர வெயிலில் சேர்ந்துவிடும். வாசல் வெயில் விழும் சுவரில் கலர்ப் படத்தை மாட்டியவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. இருட்டில், பீரோவுக்குள் வைத்தாலும் 1970-களின் கலர்ப் படங்கள் பல சிவந்துபோகின்றன. அவற்றில் வெள்ளி கிடையாது, மூன்று சாயங்கள்தான். அந்தக் காலத்துத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் வெப்பத்திலேயே சிதைந்துவிடும். அது போனால் மிஞ்சுவது சிவப்பு.

பாத்திரங்களில் நிலைமை தலைகீழ். அங்கே எதிரி காற்றைவிட நம் கைதான். அம்மிச்சியின் பித்தளைப் போசியை (பாத்திரத்தை) அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முடிவானதும் அம்மா புளியும் சாம்பலுமாக உட்கார்ந்துவிட்டார். "துலக்காமக் குடுத்தா நம்மளப் பத்தி என்னங்கண்ணு நெனப்பாங்க?" என்றார். நான் தடுத்துவிட்டேன். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பு ஆக்சைடைக் கரைக்கிறது, சாம்பல் மேற்பரப்பைத் தேய்க்கிறது. ஒவ்வொரு துலக்கலிலும் கொஞ்சம் உலோகம் சாக்கடைக்குப் போகிறது. பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் தனியாகக் கரைந்து, ஆங்காங்கே இளஞ்சிவப்பாகச் செம்பு தெரிவதும் உண்டு. அந்த மங்கலான கறுப்புப் படலம் ஒருவகையில் கவசம். அதனால் அருங்காட்சியகத்தில் தூசியைத் தட்டி, உப்புப் படிவம் தொடர்ந்து அரித்தால் மட்டும் பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளைப் பூசி நிறுத்துவார்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர், அரிப்பெடுத்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டிருக்கிறார். போசிக்கு அவ்வளவு தேவைப்படாது.

உலக்கை, மத்து, வள்ளம் மாதிரி மரச்சாமான்களுக்கு உளு புழுதான் பிரச்சினை. காற்றுப்புகாத உறையில் போட்டு, ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜனை நிரப்பிச் சில வாரம் வைத்தால், மருந்தில்லாமலே புழு மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஆட்டுக்கல்லுக்கு ஒன்றும் வேண்டாம், தூக்க ஆள் வேண்டும்.

போசியின் கழுத்தில் அம்மிச்சியின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். அறுபது வருடத் துலக்கலில் முன்னெழுத்துகள் தேய்ந்து, '…த்தாள்' மட்டும் மிச்சம். முழுப்பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்துக் கொடுத்தோம். கல்யாணப் படத்தைக் கொடுக்கவில்லை. அதன் பின்புறம் பெயர்களை எழுதி வைத்தோம். பென்சிலில், மெதுவாக அழுத்தி. பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும், அதன் மை ஊறி மறுபக்கம் வரும். அம்மிச்சியின் இடப்பக்கம் ஓரத்தில் பாதி உடம்பு மட்டும் விழுந்திருக்கும் அந்தச் சிறு பையன் யார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.