மருவை வெட்டினால் ஏன் திரும்ப வருகிறது?

பள்ளியில் படிக்கும்போது என் ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டி ஒரு மரு இருந்தது. பிளேடால் சீவிவிட்டேன். ரத்தம் நிற்கவே நேரமானது, கொஞ்ச நாளில் அதே இடத்தில் முளைத்தது, கூடவே பக்கத்தில் இரண்டு குட்டி மருக்கள். வேர் உள்ளே இருக்கிறது, அதைப் பிடுங்காமல் போகாது என்று வீட்டில் சொன்னார்கள். உண்மையில் மருவுக்கு வேரே கிடையாது.

முதலில் எந்த மருவைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிவிடலாம், ஏனென்றால் இந்த ஒரு சொல்லுக்குள் நாம் நிறைய அடைத்து வைத்திருக்கிறோம். கழுத்திலும் அக்குளிலும் மெல்லிய காம்போடு தொங்கும் மென்மையான சதையையும் மரு என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது தொற்றே அல்ல. குழந்தைகளுக்கு நடுவில் குழி விழுந்து முத்துப் போல வருகிறதே, அது வேறொரு வைரஸின் வேலை. விரல், முழங்கால், பாதத்தில் சொரசொரவென்று காலிஃபிளவர் மேல்புறம் போல வருவதுதான் இங்கே விஷயம். இதற்குக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ், அதாவது ஹெச்பிவி. அதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கை மருவைக் கொண்டுவருவது பெரும்பாலும் 2, 4 போன்ற வகைகள். கருப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புடைய 16, 18 வேறு, அதனால் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

இந்த வைரஸ் ஒளிந்துகொள்ளும் விதம்தான் எனக்கு எப்போதும் வியப்பு. நம் மேல்தோலின் அடி அடுக்கில் செல்கள் பிறந்து, மெல்ல மேலே ஏறி, செத்து, உதிர்கின்றன. நகத்தைக் கடித்த இடம், ஈரத்தில் ஊறிய பாதம் என்று கண்ணுக்கே தெரியாத கீறல் வழியாக வைரஸ் அந்த அடி அடுக்குக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அது செல்லைக் கொல்வதில்லை, சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டு பெருகச் சொல்கிறது. செல் மேலே ஏறி, எப்படியும் சாகப்போகும் கட்டம் வந்த பிறகுதான் வைரஸ் தன்னைக் கூட்டம் கூட்டமாக உருவாக்கிக்கொள்கிறது. செல் தானாக உதிரும்போது வைரஸும் அதோடு வெளியே போய்விடுகிறது. ரத்தத்தில் கலப்பதில்லை, செல் வெடிப்பதில்லை, வீக்கமும் இல்லை, ஆகவே நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு இப்படி ஒன்று நடப்பதே மாதக்கணக்கில் தெரிவதில்லை.

மருவில் தெரியும் கறுப்புப் புள்ளிகளைத்தான் வேர் என்கிறோம். அவை மருவுக்குள் வளர்ந்து, ரத்தம் உறைந்துபோன நுண்ணிய ரத்தக்குழாய்கள். சரி, சீவினால் ஏன் மூன்றானது? மேலே இருந்ததுதான் போனது, அடியில் வைரஸ் இருந்த செல்கள் அப்படியே இருந்தன, பிளேடு சுற்றிலும் புதுக் கீறல்களைப் போட்டு அதே வைரஸை அங்கேயும் தடவியது.

சிகிச்சையில் நான் முதலில் சொல்வது சாலிசிலிக் அமிலம். சுமார் 17 சதவீதத் திரவமாக மருந்துக்கடையில் கிடைக்கிறது. தினமும் வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடம் ஊறவைத்து, வெளுத்த தோலை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவிவிட்டு மருவின் மேல் மட்டும் வைக்க வேண்டும். 12 வாரம் வரை ஆகலாம், பெரும்பாலோர் மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் தோற்கிறோம். தேய்த்த தாளை வேறு எங்கும் பயன்படுத்தக்கூடாது. தோல் மருத்துவரிடம் போனால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறையவைப்பார், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும், அல்லது மின்சூட்டில் கருக்குவார்.

இவை எல்லாம் தோலைப் புண்ணாக்குவதோடு நிற்பதில்லை, ஒளிந்திருந்த வைரஸை எதிர்ப்பு அணுக்களின் கண்ணிலும் காட்டிக்கொடுக்கின்றன. தட்டம்மைக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசி மருந்தை ஒரே ஒரு மருவுக்குள் செலுத்தும் சிகிச்சையும் இருக்கிறது. சிலருக்கு ஊசி படாத, வேறு கையில் இருக்கும் மருக்கள்கூட உதிர்ந்துவிடுகின்றன. உடல் ஒருமுறை ஆளை அடையாளம் கண்டுவிட்டால் எல்லா இடத்திலும் துரத்துகிறது.

அந்த அடையாளம் காணுதல் பல நேரம் தானாகவே நடக்கிறது. குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் எந்த மருந்தும் இல்லாமல் இரண்டு வருடத்துக்குள் மறைகின்றன. வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தபின் மரு உதிர்ந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, உதிர்ந்தது உண்மைதான். வேண்டுதலால் யாருக்கும் புண் வருவதில்லை. நான் பயப்படுவது சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்துப் பூசுவதையும், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் வைப்பதையும் பார்த்துத்தான். அவை நல்ல தோலையும் சேர்த்து வேகவைத்துத் தழும்பாக்கிவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தில் அமிலமோ பிளேடோ வைக்கவே கூடாது, உணர்ச்சி குறைந்த காலில் சின்னப் புண்கூடப் பெரிதாகிவிடும். முகத்திலோ பிறப்புறுப்பிலோ வந்தாலும், வயதானவருக்குப் புதிதாக வந்து ரத்தம் கசிந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.