எப்போது, எங்கே நடப்பீர்கள்?

"நடப்பது நல்லது என்று தெரியும். நடக்க வேண்டும் என்று ஆசையும் இருக்கிறது. அப்புறம் ஏன் நடக்க மாட்டேன் என்கிறேன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இவர் தனி ஆள் இல்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகப் பெரியவர்களில் 31 சதவீதம் பேர், அதாவது சுமார் 180 கோடி பேர், அந்த அளவை எட்டவில்லை.

உடலுழைப்பின் நன்மையை இங்கே விளக்கப்போவதில்லை. உட்கார்ந்தே மாடி பஸ் ஓட்டிய லண்டன் டிரைவர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டிருந்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மோரிஸ் 1953இலேயே காட்டிவிட்டார். ஆசைக்கும் செயலுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைத் தாண்டுவது எப்படி என்பதுதான் கேள்வி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பிரிட்டனில் கல்லூரி மாணவர்கள் 248 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சிறப்பாக எதுவும் செய்யவில்லை. இன்னொரு குழுவுக்கு, உடற்பயிற்சி இதய நோயை எப்படித் தடுக்கிறது என்று படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது குழு அதையும் படித்தது. கூடவே, வரும் வாரம் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எங்கே பயிற்சி செய்வோம் என்று எழுதியும் வைத்தது. முதல் குழுவில் 38 சதவீதம் பேர் பயிற்சி செய்தார்கள். படித்ததோடு நின்ற குழுவில் 35. எழுதி வைத்த குழுவில் 91!

படித்தவர்களுக்கு ஆர்வம் கூடியது, கால்தான் நகரவில்லை. எழுதியவர்களிடம் என்ன மாறியது? ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் விளக்கம் அழகானது. "மாலையில் நடப்பேன்" என்பது வெறும் ஆசை. மாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஒவ்வொரு நிமிடமும் "இப்போது போகலாமா, அப்புறம் போகலாமா" என்று மனம் புதிதாக முடிவெடுக்க வேண்டும். களைத்த நேரத்தில் "அப்புறம்"தான் ஜெயிக்கும். "பிள்ளையைப் பள்ளியில் விட்டதும், அந்த வாசலிலிருந்தே நடக்கத் தொடங்குவேன்" என்று சொல்லிப் பாருங்கள். முடிவு முன்கூட்டியே எடுத்தாகிவிட்டது. அந்தப் பள்ளி வாசல் நினைவில் விழித்தபடியே இருக்கும். கண்ணில் பட்டவுடன், அதனுடன் கட்டிவைத்த செயலை அதுவே இழுத்து வரும். மன உறுதி செய்ய வேண்டிய வேலையை வாசலிடம் ஒப்படைத்துவிடுகிறோம். வேலை நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் கடிகாரத்தை நம்ப முடியாது. "பணி முடிந்து பையைத் தோளில் மாட்டியதும்" என்பது போன்ற ஒரு நிகழ்வைப் பிடித்துக்கொள்ளலாம்.

பின்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் 91 போல அவ்வளவு பெரிதாக இல்லை. ஆனாலும் பலன் உண்மைதான்.

சரி, தன் நேரம் தன் கையில் இல்லாத குழந்தை என்ன செய்யும்? எப்போது, எங்கே என்பதை மற்றவர்கள் அமைத்துத் தர வேண்டும். ஸ்காட்லாந்தில் ஒரு தொடக்கப் பள்ளி 2012இல் அதைத்தான் செய்தது: தினமும் 15 நிமிடம், வகுப்பு முழுவதும் வெளியே வந்து ஓடும் அல்லது நடக்கும். கொலம்பியாவின் போகோட்டா நகரம் 1974இலிருந்து இதையே ஊர் முழுவதற்கும் செய்கிறது. ஞாயிறு காலையில் 100 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளில் கார் ஓடாது, மனிதர்கள் நடப்பார்கள், சைக்கிள் ஓட்டுவார்கள். முதியவர்களுக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயம் முதலில் போக வேண்டும். நியூசிலாந்தின் ஒடாகோ திட்டத்தில் வீட்டுக்கே வந்து, கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி சொல்லித் தந்தார்கள். விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "சோம்பேறித்தனத்தை விடுங்கள்" என்று அதட்டும் விளம்பரங்களுக்குப் பணம் கிடைக்கிறது; ஒருவர் ஓராண்டு கழித்தும் நடக்கிறாரா என்று பொறுமையாகப் பின்தொடரும் ஆய்வுக்குக் கிடைப்பது அரிது. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் 61,000க்கும் மேற்பட்ட ஜிம் உறுப்பினர்களிடம் 54 உத்திகளைச் சோதித்தார்கள். அவ்வளவு பெரிய ஆய்விலும் ஒவ்வொரு உத்தியும் நான்கு வாரம்தான் நடந்தது, பெரும்பாலானவற்றின் பலன் அதற்குப் பின் நிலைக்கவில்லை. அந்த நான்கு வாரங்களில் முதலிடம் பிடித்த உத்தி, ஒரு நாள் தவறவிட்டவர் திரும்ப வந்ததும் அவருக்குத் தரப்பட்ட ஒரு சிறு வெகுமதி.