பேட்டரிக்குள் ஒரு மெல்லிய திரை

போன் பேட்டரியைப் பிரித்துப் பார்க்கும் ஆசை யாருக்காவது இருந்தால், வேண்டாம். உள்ளே இருப்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடு ஒன்று, கிராஃபைட் பூசிய செம்புத் தகடு ஒன்று. இரண்டையும் பாய்போலச் சுருட்டியோ அடுக்கியோ பைக்குள் அடைத்திருப்பார்கள். தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் காப்பது நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் திரை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, நுண்துளைகள் கொண்டது. இத்தனையும் ஊறிக் கிடப்பது எளிதில் தீப்பற்றும் திரவத்தில்!

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட லித்தியம் அணுக்கள்) திரையின் துளைகள் வழியே கிராஃபைட்டுக்குள் புகும், பயன்படுத்தும்போது திரும்பிவரும். திரை ஓரிடத்தில் கிழிந்தால் அங்கே ஷார்ட் ஆகிச் சூடேறும். சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குள்ளாகவே கிராஃபைட்டின் மேலுள்ள காப்புப் படலம் சிதைந்து மேலும் சூட்டைக் கக்கும். 130 வாக்கில் திரையே உருகத் தொடங்கும். 200-ஐ நெருங்கினால் கோபால்ட் ஆக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனை வெளியே விடும். எரிபொருள், சூடு, ஆக்சிஜன் மூன்றும் ஒரே பைக்குள் சேர்ந்துவிட்டன. போர்வை போட்டு மூடினாலும் இந்தத் தீ அணையாதது அதனால்தான்.

திரை கிழியக் கைதவறி விழுவது மட்டுமே காரணமல்ல. 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பற்றித் திரும்பப் பெறப்பட்டன. முதலில் வந்த பேட்டரிகளில் மூலையில் மின்தகடு வளைந்திருந்தது. மாற்றாக வந்தவற்றில் வெல்டிங் பிசிறு. அடுத்த ஆண்டு ஜனவரியில் நிறுவனமே இதைச் சொன்னது.

இரவு முழுக்க சார்ஜில் போட்டால் வெடித்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. பேட்டரி நிறைந்ததும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை நிறுத்திவிடும், ஆகவே அதற்கு நான் அவ்வளவாகப் பயப்படமாட்டேன். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதற்குத்தான் பயப்படுவேன். சூடு வெளியேற வழியில்லை, பக்கத்திலேயே பஞ்சு. அப்புறம், உறைநிலைக்குக் கீழான குளிரில் சார்ஜ் ஏற்றுவதும் கெடுதல். லித்தியம் கிராஃபைட்டுக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்து, ஊசிபோல வளர்ந்து திரையைத் துளைக்கலாம்.

நம் கண்ணுக்குத் தெரியும் எச்சரிக்கை ஒன்று உண்டு: உப்பல். உள்ளே திரவம் சிதைந்து வாயுவாகிறது. பின்மூடியோ கண்ணாடியோ லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் போனை அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். அமுக்கி மூடப் பார்ப்பதும், காற்றை எடுக்கிறேன் என்று ஊசியால் குத்துவதும் திரையைக் கிழிக்கும் வேலைதான். சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

மீறித் தீப்பிடித்தால்? புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும், அதனால் மூடிய அறையாக இருந்தால் முதலில் வெளியேறுங்கள். சிறிய தீதான், சார்ஜரிலும் இல்லை என்றால், தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம். சூட்டைத் தணிப்பதுதான் இங்கே வேலை. சுடர் அடங்கியதும் கையில் எடுக்கவேண்டாம். உள்ளே சூடு மிச்சமிருந்தால் மறுபடியும் பற்றிக்கொள்ளும்.