ஆர்.எச். நெகட்டிவ்: கணக்கில் சேராத கர்ப்பங்கள்

ரத்தப் பரிசோதனையில் ஆர்.எச். நெகட்டிவ் என்று வந்ததும் பலரும் பயத்தோடு கேட்பது, "எனக்கு ஏதாவது குறையா டாக்டர்?" என்றுதான். குறை ஒன்றும் இல்லை. சிவப்பணுக்களின் மேல் 'டி' என்ற புரதம் பெரும்பாலானோருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை, அவ்வளவுதான். குழந்தையின் அப்பாவும் நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவாகவே இருக்கும். 'டி' சம்பந்தப்பட்ட கவலை அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்பா பாசிட்டிவாக இருந்து, குழந்தையும் பாசிட்டிவாக அமைந்தால்தான் பிரச்சினை.

தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் தனித்தனியாகத்தான் ஓடுகின்றன. ஆனால் பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரியும்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்புக்குள் போய்விடும். தாயின் உடம்பு அதை அந்நியமாக எடுத்துக்கொண்டு எதிர்ப்பான்களைத் தயாரிக்கத் தொடங்கும். முதல் தடவை இந்த வேலை மெதுவாக நடக்கும். முதலில் உருவாகிற வகை நஞ்சுக்கொடியைத் தாண்டவும் செய்யாது. அதனால்தான் முதல் குழந்தை பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. ஆனால் உடம்பு மறப்பதில்லை. அடுத்து ஒரு பாசிட்டிவ் குழந்தை வந்தால், நஞ்சுக்கொடியைத் தாண்டக்கூடிய எதிர்ப்பான்கள் வேகமாக உருவாகி, குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். வயிற்றிலேயே ரத்தசோகை வரும், முற்றினால் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். பிறந்த பிறகு கடுமையான மஞ்சள் காமாலை வந்து மூளையையும் பாதிக்கலாம்.

"முதல் குழந்தைக்கு ஒன்றும் ஆகாதாமே" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய பேர். சரி, முதல் குழந்தை என்பது எது? என்னிடம் வந்த ஒரு பெண், இதுதான் முதல் கர்ப்பம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். தாயின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பான்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ். துருவிக் கேட்ட பிறகுதான், நாலாம் மாதம் முடிந்த சமயத்தில் ஒரு கரு கலைந்ததும், அப்போது எதிர்ப்பான் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி எதுவும் போடவில்லை என்பதும் வெளியே வந்தது. "அது நிற்கவில்லையே, அதை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன்" என்றார். மாமியார் வீட்டுக்கும் அது தெரியாது. இப்படி மறைத்ததோ மறந்ததோ, எதுவானாலும் அதைக் குற்றமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கேள்வியைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டியது எங்கள் வேலை.

கருச்சிதைவு, கருக்கலைப்பு, கருக்குழாயில் தங்கிய கரு, கர்ப்பத்தின் நடுவில் ரத்தப்போக்கு, வயிற்றில் பலமான அடி, பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் செய்யும் பரிசோதனை, வயிற்றிலேயே குழந்தை இறந்துபோவது, இவற்றிலும் குழந்தையின் ரத்தம் தாயின் உடம்புக்குள் போகலாம் என்பதால் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். 12 வாரத்துக்கு முன் தானாகக் கலைந்தால் ஊசி வேண்டுமா என்பதில் வழிகாட்டுதல்கள் மாறுபடுகின்றன; சில, தேவையில்லை என்கின்றன. அதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்கள் நடந்ததைச் சொன்னால் போதும்.

ஆன்டி-டி ஊசி 1968-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. தாயின் உடம்பு கவனிப்பதற்கு முன்பே, உள்ளே வந்த குழந்தையின் சிவப்பணுக்களை இது அப்புறப்படுத்திவிடும். ஊசியே போடாவிட்டால், பாசிட்டிவ் குழந்தை பெற்ற நெகட்டிவ் தாய்மார்களில் ஏறக்குறைய 16 சதவீதம் பேருக்கு எதிர்ப்பான் உருவாகும். பிரசவத்துக்குப் பின் போட்டால் அது 1 அல்லது 2 சதவீதமாகக் குறைகிறது. 28-வது வாரத்திலும் ஒன்று போட்டால் இன்னும் வெகுவாகக் குறைகிறது. வழக்கமான 300 மைக்ரோகிராம் ஊசி, குழந்தையின் ரத்தம் சுமார் 30 மில்லி வரை கலந்திருந்தாலும் சமாளிக்கும். பெரிய ரத்தப்போக்கு இருந்தால் எவ்வளவு கலந்தது என்று பார்த்துக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

பிரசவமோ மேலே சொன்ன மற்றவையோ நடந்தால், 72 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. நேரம் தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். 10 நாள் வரை போட்டாலும் ஓரளவு பலன் உண்டு. இந்த மருந்து தானமாகக் கிடைத்த பிளாஸ்மாவிலிருந்துதான் தயாராகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் இதற்காகப் பல பத்தாண்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை தானம் செய்தார்.

எதிர்ப்பான் ஏற்கெனவே உருவாகிவிட்டவர்களுக்கு இந்த ஊசியால் பயன் இல்லை. கை விரிக்க வேண்டியதும் இல்லை. எதிர்ப்பானின் அளவைத் தொடர்ந்து பார்ப்போம். அது ஒரு எல்லையைத் தாண்டினால், குழந்தையின் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளப்போம்; ரத்தசோகை இருந்தால் அந்த வேகம் கூடும். தேவைப்பட்டால், கர்ப்பத்திலேயே தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு ரத்தம் ஏற்ற முடியும். நான் சொன்ன பெண்ணுக்கு ஸ்கேன்களோடு முடிந்தது. பிறந்த குழந்தைக்குச் சில நாள் ஒளிச் சிகிச்சை தேவைப்பட்டது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 28-வது வாரத்தில் ஊசி போட்ட பிறகு கூம்ப்ஸ் டெஸ்ட் செய்தால், லேசாகப் பாசிட்டிவ் காட்டலாம். அது ஊசியில் இருந்த எதிர்ப்பானாகவே இருக்கக்கூடும். ஊசி போட்ட தேதி கையில் இருந்தால்தான் எங்களால் பிரித்துப் பார்க்க முடியும். ஆகவே ரத்தம் எடுப்பது ஊசிக்கு முன்பு இருக்கட்டும். தேதியையும் அளவையும் உங்கள் கர்ப்ப அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.