என்சிஏஏ கேட்கவில்லை என்பதால் எஸ்ஏடி எழுத வேண்டாமா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படித்துக்கொண்டே நீச்சல், டென்னிஸ், தடகளம், கால்பந்து போன்ற விளையாட்டுகளின் வழியாகக் கல்லூரியில் இடம்பெற முயலும் மாணவர்களுக்கு ஆலோசனை கூறுவது என் தொழில். அண்மைக் காலத்தில் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது, "என்சிஏஏ தேர்வு மதிப்பெண்ணே தேவையில்லை என்று சொல்லிவிட்டதே, இனி எஸ்ஏடி எதற்கு?" என்பதுதான். என்சிஏஏ என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு; எஸ்ஏடி, கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதப்படும் பொதுத் தேர்வு. அவர்கள் கேள்விப்பட்ட செய்தி உண்மை. அதை நம்பித் தேர்வையே கைவிடுவதுதான் பல பிள்ளைகளுக்குப் பாதகமாக முடிகிறது.

கொரோனா காலத்தில் தற்காலிகமாக விலக்கப்பட்டிருந்த தேர்வு நிபந்தனையை, கல்லூரிகளைப் பிரித்து வைத்திருக்கும் மூன்று பிரிவுகளில் முதல் இரண்டிலும் 2023 ஜனவரியில் என்சிஏஏ நிரந்தரமாக நீக்கியது. அதற்கு முன்பு முதல் பிரிவில் ஜிபிஏ (பள்ளிப் பாட மதிப்பெண்களின் சராசரி) குறையக் குறைய எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற ஏசிடி தேர்வு மதிப்பெண் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற ஏறுமுக, இறங்குமுகக் கணக்கு நடைமுறையில் இருந்தது. இன்று அந்த இடத்தில் பாட மதிப்பெண்கள் மட்டுமே நிற்கின்றன: 16 கோர் பாடங்கள் (என்சிஏஏ ஏற்கும் அடிப்படைப் பள்ளிப் பாடங்கள்), அவற்றில் முதல் பிரிவுக்குக் குறைந்தது 2.3 ஜிபிஏ, இரண்டாம் பிரிவுக்கு 2.2. முதல் பிரிவுக்குச் செல்ல விரும்புவோர் 10 கோர் பாடங்களை 12-ஆம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அவற்றில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் அமைய வேண்டும். இவையெல்லாம் களத்தில் இறங்குவதற்கான தகுதி மட்டுமே. கல்லூரிக்குள் நுழைய விடுவது சேர்க்கை அலுவலகம். அந்த அலுவலகத்தை என்சிஏஏயின் முடிவு கட்டுப்படுத்துவதில்லை.

சேர்க்கை அலுவலகங்களோ எதிர்த்திசையில் திரும்பியிருக்கின்றன. எம்ஐடி 2022-இலேயே தேர்வைக் கட்டாயமாக்கியது. 2024-இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆகியவை அதே முடிவுக்குத் திரும்பின. கொலம்பியா 2023-இல் அதை விருப்பத் தேர்வாக, அதாவது மதிப்பெண் அனுப்புவதை மாணவர் விருப்பத்துக்கு விட்டதாக, அறிவித்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, யூசிஎல்ஏ உள்ளிட்ட வளாகங்கள், சேர்க்கை முடிவுக்கு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆகவே "எழுத வேண்டுமா" என்ற கேள்விக்கு விடை, மாணவர் குறிவைக்கும் கல்லூரிகளின் பட்டியலில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலோ 10-ஆம், 11-ஆம் வகுப்பில் எவருக்கும் உறுதியாக இருப்பதில்லை; எந்தப் பயிற்சியாளர் பதில் எழுதுவார் என்பதே அப்போது தெரியாது. கலிபோர்னியா வளாகம் ஒன்றை மட்டும் நம்பித் தேர்வை விட்டுவிட்டு, 12-ஆம் வகுப்புத் தொடக்கத்தில் வேறொரு கல்லூரியின் பயிற்சியாளர் மதிப்பெண் கேட்கும்போது திகைத்து நிற்கும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

பெற்றோர் பலருக்கும் தெரியாத ஒரு கட்டம் உண்டு. ஐவி லீக் கல்லூரிகளிலும் (ஹார்வர்ட், பிரவுன் உள்ளிட்ட எட்டு), கல்வித்தரத்தில் உயர்ந்த மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் பலவற்றிலும், பயிற்சியாளர் தமக்குப் பிடித்த மாணவரின் மதிப்பெண் பட்டியலை முறையான விண்ணப்பத்துக்கு முன்பே சேர்க்கை அலுவலகத்திடம் காட்டிக் கருத்துக் கேட்பார். 'பிரீ-ரீட்' என்று அழைக்கப்படும் இது, பெரும்பாலும் 11-ஆம் வகுப்பு முடிந்த கோடையில், ஜூலை மாதம் தொடங்கி நடக்கிறது. மற்ற மாணவர்கள் இலையுதிர்காலம்வரை தேர்வெழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். விளையாட்டு மாணவருக்கு அந்த அவகாசம் நடைமுறையில் ஜூன் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. கையில் தேர்வு மதிப்பெண் இல்லாதவரின் கோப்பைப் பயிற்சியாளர் ஒதுக்கி வைத்து அடுத்தவருடையதை எடுத்துச் செல்வது கொடுமையாகத் தோன்றலாம், ஆனால் அவருக்கும் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவையே. ஐவி லீக்கில் பள்ளி மதிப்பெண்ணையும் தேர்வு மதிப்பெண்ணையும் இணைக்கும் 'அகடெமிக் இண்டெக்ஸ்' என்ற அளவுகோலும் உண்டு என்பதால், நல்ல எஸ்ஏடி மதிப்பெண் கொண்ட மாணவருக்காகப் பரிந்து பேசுவது பயிற்சியாளருக்கும் எளிதாகிறது. எம்ஐடி போன்ற இடங்களில் அவருடைய ஆதரவு கிடைத்தாலும் சேர்க்கை உறுதியாவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த நாள்கணக்கிலிருந்து பின்னோக்கி எண்ணினால், முதல் முயற்சி 11-ஆம் வகுப்பின் குளிர்காலத்துக்குள் அமைவது நல்லது என்பது என் கருத்து. எஸ்ஏடி பெரும்பாலும் சனிக்கிழமையில் நடக்கிறது, போட்டிகளும் அன்றுதான். வசந்தகாலத்தில் ஓடும் தடகள மாணவருக்கு மார்ச், மே தேர்வுகள் இடிக்கும். அவருக்கு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான தேதிகள் பொருந்தும். இலையுதிர்காலத்தில் ஆடுபவருக்கு இது நேர்மாறு. வெள்ளி இரவு ஆட்டம் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பிய பிள்ளையை மறுநாள் காலையில் தேர்வு மையத்தில் இறக்கிவிடுவதை நான் எப்போதும் தடுக்கிறேன். களத்தில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு ஆளான மாணவர், மருத்துவர் அனுமதிக்கும்வரை தேர்வுக்கு அமரவே கூடாது. இப்போதைய எஸ்ஏடி முழுவதும் திரையில், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நடப்பது, தலைவலியும் கவனக்குறைவும் உள்ள பிள்ளைக்கு உடலளவிலேயே துன்பம். தேதியைத் தள்ளிப்போடலாம், உடம்பை அப்படிச் செய்ய முடியாது.

எஸ்ஏடியா ஏசிடியா என்பதில் நான் அதிகம் வாதிடுவதில்லை. இரண்டையும் கல்லூரிகள் சமமாகவே ஏற்கின்றன; வீட்டில் நேரம் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்து, இயல்பாக வந்ததைத் தேர்ந்துகொண்டு அதையே தொடர்ந்தால் போதும்.

பணமும் இதில் இருக்கிறது. மூன்றாம் பிரிவிலும் ஐவி லீக்கிலும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. முதல் இரண்டு பிரிவுகளிலும் பலருக்குக் கிடைப்பது பகுதித் தொகையே. மீதியை நிரப்புவது பல கல்லூரிகளில் கல்வித்திறனுக்கான உதவித்தொகை. அதைத் தீர்மானிக்கும்போது மதிப்பெண் அனுப்பியவருக்குச் சாதகம் இருக்கும் கல்லூரிகள் இன்னும் உண்டு. விருப்பத் தேர்வு என்று அறிவித்த கல்லூரியிலும் இதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

பயிற்சியாளரிடம் தொலைபேசியில் பேசும்போது பெற்றோர் ஒதுங்கி, மாணவரே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: சேர்க்கை அலுவலகம் என் போன்ற விளையாட்டு விண்ணப்பதாரரிடம் மதிப்பெண் எதிர்பார்க்கிறதா, எந்த அளவு இருந்தால் நீங்கள் என்னை முன்னெடுக்க முடியும், அதை எந்தத் தேதிக்குள் உங்களிடம் தர வேண்டும். அவர் சொல்லும் எண்ணை எட்டியபின் மேலும் இருபது புள்ளிகளுக்காக மற்றொரு சனிக்கிழமையைச் செலவிட வேண்டியதில்லை. எட்ட முடியாத தொலைவில் அது இருந்தால், மதிப்பெண் கேட்காத கல்லூரிகளின் பயிற்சியாளர்களுக்கு அந்த வாரமே எழுதத் தொடங்க வேண்டும்.