ஸ்டிக்மா: களங்கமா, வடுவா?

‘ஸ்டிக்மா’ (stigma) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? அதன் வேரிலிருந்து தொடங்கலாம். கூரிய கருவியால் குத்தித் தோலில் பதித்த அடையாளம். கிரேக்க மொழியில் ‘ஸ்டிக்மா’ என்பதன் முதற்பொருள் இதுதான். தப்பியோடிப் பிடிபட்ட அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் இப்படிப் பச்சை குத்தினார்கள், சிலருக்கு நெற்றியிலேயே. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன இச்சொல், நாளடைவில் ஒருவரின் பெயரில் ஏறும் இழுக்கைக் குறிக்கலாயிற்று. பூவின் சூல்முடிக்கும் தாவரவியலில் இதே பெயர்தான்.

சமூகவியலில் இதை ஆழமாக ஆராய்ந்தவர் எர்விங் காஃப்மன். ஒருவரைக் குணக்கேடர் என்று பிறர் முடிவுகட்டக் காரணமாகும் பின்னணிகளைத் தம் 1963ஆம் ஆண்டு நூலில் அவர் அடுக்குகிறார். சிறைவாசமும் அதில் உண்டு. எச்.ஐ.வி. அப்போது அறியப்படவே இல்லை.

சிறையிலிருந்து விடுதலையாகி எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர் மீது இன்று இரண்டு முத்திரைகளும் விழுகின்றன. ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுக்கும். புதிய மருத்துவமனையில் பழைய சிகிச்சைக் குறிப்பைக் கேட்டால் சிறையின் பெயர் வெளிவரும். தங்குமிடத்தில் மாத்திரைப் புட்டி கண்ணில் பட்டால் நோயின் பெயர். இதற்கு அஞ்சியே மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மருந்தை விடாமல் உட்கொண்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால் உடலுறவு வழியே தொற்று பரவாது. ஒருவரை ‘ஆபத்தானவர்’ என்று ஒதுக்கும் ஊரே, அந்தப் பாதுகாப்பை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. எச்.ஐ.வி. சிகிச்சை இடையறாது தொடர வேண்டும் என்கிறது, கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆவது விதி.

‘ஸ்டிக்மா’வுக்குத் தமிழில் பெரிதும் வழங்குவது ‘களங்கம்’. நிலவின் கறையைச் சொல்லும் வடசொல் இது. அந்தக் கறை நிலவிலேயே இருப்பது, யாரும் பூசியதன்று. அதனால் ‘களங்கம்’ என்றதுமே குறை அந்த மனிதரிடம் இருப்பதாகத் தொனிக்கிறது. இங்கே அது பொருந்தாது.

‘நாவினாற் சுட்ட வடு’ என்கிறது 129ஆம் குறள். வடு இருந்தால் சுட்டவர் ஒருவரும் இருந்தாக வேண்டும். பழந்தமிழில் வடுவுக்குக் குற்றம், பழி என்ற பொருள்களும் உண்டு என்றாலும், இன்றைய காதுக்குக் காயத்தின் தழும்புதான் முதலில் படுகிறது. உடல் தழும்போடு குழம்பாதிருக்க ‘சமூக வடு’ என்று எழுதலாம். என் தேர்வு இதுவே.

கூடவே வரும் சொற்களிலும் கவனம் வேண்டும். எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் எய்ட்ஸ் இல்லை. ஆகவே ‘எய்ட்ஸ் நோயாளி’ என்பது பல இடங்களில் பிழை. ‘எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்’ என்று எழுதுங்கள். ‘முன்னாள் கைதி’ என்பதற்கு ‘சிறையிலிருந்து விடுதலையானவர்’ போதும். அதுவும் செய்திக்குத் தேவைப்பட்டால் மட்டும்.